அந்த மருந்துதான் இதைக் கொண்டுவந்துச்சா?

(எபிசோடின் எழுத்து வடிவம். ஒலியில் திரும்பத் திரும்ப வரும் இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க வேலை, இன்டர்வியூ, சம்பளம், கோட்னுதான் பேசுவோம். இன்னைக்கு அது எதுவும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு முழுசா சிகிச்சை எடுத்து, எட்டு வருஷம் நல்லா இருந்த ஒருத்தருக்கு, அந்தச் சிகிச்சையோட விளைவாவே இன்னொரு அபூர்வமான புற்றுநோய் வந்தா என்ன பண்றது? அதை எப்படிப் புரிஞ்சுக்கிறது? இதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஏன் பேசுறேன்னா, எங்க பெரியம்மாவுக்கு அது வந்திருக்கு. அம்மாவோட கூடப் பிறந்த அக்கா. சிம்மக்கல்ல, மைய நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவுல இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேரைச் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லிக்க"ன்னு சொல்லிட்டாங்க.

2015-ல அவங்களுக்கு வலது மார்புல கட்டி. அப்ப வயசு 54. ஆபரேஷன், அப்புறம் எட்டு தடவை கீமோ, அதுக்கப்புறம் 25 நாள் ரேடியேஷன். எங்க பக்கம் அதை யாரும் ரேடியேஷன்னு சொல்ல மாட்டாங்க, "கரண்ட் வைக்கிறது"ன்னுதான் சொல்லுவாங்க. பெரியம்மாவும் இன்னைக்கு வரைக்கும் "எனக்கு இருபத்தஞ்சு கரண்ட்"னுதான் சொல்றாங்க. அது முடிஞ்சதும் தினம் ஒரு மாத்திரைன்னு அஞ்சு வருஷம். 2021-ல அந்த மாத்திரையையும் நிறுத்தியாச்சு. முடி வளர்ந்து, உடம்பு தேறி, பேத்தி காதுகுத்துக்கு அவங்களே அழகர்கோயிலுக்கு வந்து நின்னு எல்லாத்தையும் பார்த்தாங்க.

2023 ஆடி மாசம். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியை வாரம் ஒருதடவை சுத்தி வர்றது அவங்க பழக்கம். அன்னைக்குப் பாதியிலேயே உட்கார்ந்துட்டாங்க. மூச்சு வாங்குது. வீட்டுல எல்லாரும் ரத்தம் கம்மியா இருக்கும்னாங்க. மதுரைக்காரங்களுக்கு அதுக்கு என்ன வைத்தியம்னு தெரியும்ல? சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலை மிளகு போட்டு வதக்கிக் குடுக்குறது. கூட பேரீச்சம்பழம், மாதுளை, இரும்புச்சத்து மாத்திரை. இதுல யாரையும் குறை சொல்ல முடியாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயசான பொம்பளைக்கு மூச்சு வாங்குனா, எந்த டாக்டரும் முதல்ல அந்தப் பக்கம்தான் பார்ப்பாரு.

ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறல. இன்னும் இறங்குச்சு. அப்பதான் ஒரு டாக்டர் ரத்த ரிப்போர்ட்டை முழுசா வாசிச்சாரு. நம்மள்ல பலபேர் ரிப்போர்ட்ல ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வச்சிருவோம். அந்தத் தாள்ல இன்னும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, வெள்ளை அணுவும் தட்டணுவும், அதாவது பிளேட்லெட்டும், சேர்ந்தே குறைஞ்சிருந்தது. இரும்புச்சத்துக் குறைவு மட்டும்னா சிவப்பணுதான் அடிபடும், மூணும் சேர்ந்து இறங்காது. ரெண்டாவது, எம்சிவின்னு ஒரு வரி இருக்கும். சிவப்பணுவோட சராசரி அளவு அது. இரும்பு குறைஞ்சா அணு சின்னதாகும். பெரியம்மாவுக்கு அது பெருசா இருந்தது. வைட்டமின் பி12 குறைஞ்சாலும் பெருசாகும், அதனால முதல்ல அதைப் பார்த்தாங்க. அது சரியா இருந்துச்சு. அப்ப டாக்டர் ஒரு கேள்வி கேட்டாரு: "அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி கேன்சர் ட்ரீட்மென்ட் ஏதும் நடந்திருக்கா? அந்த ஃபைல் இருக்கா?"

இருந்துச்சு. பெரியப்பா உயிரோட இருந்தப்ப எல்லாத்தையும் தேதி வாரியா கோத்து, மஞ்சப்பையில போட்டு, பரண்ல வச்சிருந்தாரு. கரண்ட் பில்லைக்கூட 1990-லிருந்து எடுத்து வச்சிருந்த மனுஷன். நாங்க சிரிப்போம். அந்த மஞ்சப்பையில என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எல்லாம் இருந்தது. அதுல ரெண்டு பேரு முக்கியம். டாக்ஸோரூபிசின், செந்நிறமா இருக்கும், ஆஸ்பத்திரியில "சிவப்பு மருந்து"ம்பாங்க. இன்னொண்ணு சைக்ளோஃபாஸ்ஃபமைட்.

அப்புறம் இடுப்பெலும்புக்குப் பின்பக்கம் ஊசி போட்டு எலும்பு மஜ்ஜை எடுத்தாங்க. "குத்துனது கூட வலிக்கலப்பா, உறிஞ்சுறப்பதான் உசுரு போயிருச்சு"ன்னாங்க பெரியம்மா. முடிவு வந்தது. மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். சுருக்கமா எம்டிஎஸ். ரத்தம் தயாராகுற இடம் எலும்பு மஜ்ஜை. அங்க அணுக்கள் உருவாகுது, ஆனா கோணல்மாணலா உருவாகி, வெளிய வர்றதுக்கு முன்னாடியே செத்துப் போகுது. பேருல கேன்சர்னு இல்லாட்டியும் இதை ரத்தப் புற்றுநோய் வகையாத்தான் டாக்டர்கள் கணக்கு வைக்கிறாங்க. கொஞ்சப் பேருக்கு இது கடுமையான லுகேமியாவா மாறும். மஜ்ஜை அணுக்களோட குரோமோசோமைப் பார்த்தப்ப ஏழாவது குரோமோசோம் ஒண்ணு காணாமப் போயிருந்தது. ரிப்போர்ட்டோட கடைசி வரியில "முந்தைய சிகிச்சை தொடர்பானது"ன்னு எழுதியிருந்தாங்க.

அந்த ஒரு வரிதான் வீட்டை உலுக்குச்சு.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். முதல் உலகப் போர்ல மஸ்டர்ட் வாயுவுல அடிபட்டவங்களுக்கு வெள்ளை அணு குறைஞ்சு போனதை அப்பவே டாக்டர்கள் கவனிச்சாங்க. வேகமாப் பெருகுற அணுக்களைக் கொல்லுற இந்தக் குணத்தைப் புற்றுநோய் மேல பயன்படுத்தலாமேங்கிற யோசனை 1940-கள்ல வந்தது. சைக்ளோஃபாஸ்ஃபமைட் அந்தக் குடும்பத்துல பொறந்த மருந்து. டிஎன்ஏ இழைகளை ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு மாட்டிவிட்டுரும், அணு பிரிய முடியாம சாகும். புற்றுநோய் அணு நிறையச் சாகும். ஆனா மஜ்ஜையில இருக்குற தாய் அணுக்கள்ல ஒண்ணு ரெண்டு சாகாம, அடிபட்ட டிஎன்ஏவோட தப்பிச்சிரலாம். அது மெல்ல மெல்லப் பெருகி, அஞ்சிலிருந்து பத்து வருஷத்துக்கு அப்புறம் இப்படி வந்து நிக்கும். அஞ்சாவது அல்லது ஏழாவது குரோமோசோம் உடைஞ்சோ காணாமலோ போறது இந்த மருந்துக் குடும்பம் விட்டுட்டுப் போற தடயம். சிவப்பு மருந்து வழியா வர்ற வகை வேற. அது பெரும்பாலும் ஒண்ணுலிருந்து மூணு வருஷத்துக்குள்ளயே வந்துரும், மாற்றமும் வேற குரோமோசோம்ல இருக்கும். எட்டாவது வருஷம், ஏழாவது குரோமோசோம். பெரியம்மாவோடது எந்தப் பக்கம்னு இதை வச்சுத்தான் டாக்டர் சொன்னாரு. ஃபைல் இல்லாம அதைச் சொல்லியிருக்க முடியாது.

எங்க வேலையில இதை ரிக்ரஷன்னு சொல்லுவோம். ஒரு பக்கை சரி பண்ணப் போட்ட மாற்றமே எட்டு வெர்ஷன் தாண்டி வேற ஒரு இடத்துல வெடிக்கிறது. ஆனா அந்த உவமை பாதி தூரம்தான் வரும். கோட்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிரலாம்.

இப்ப வீட்டுக்கு வர்றேன். செய்தி தெரிஞ்சதும் சொந்தக்காரங்க வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்கள்ல பாதிப் பேரு ஆறுதல் சொன்னாங்க, மீதிப் பேரு தீர்ப்பு சொன்னாங்க. "ஒரு வியாதிக்கு மருந்து சாப்பிட்டு இன்னொரு வியாதியை வாங்கிட்டு வந்துட்டா." "நான் அன்னைக்கே சொன்னேன், அந்த ஊசி வேணாம்னு." முள்ளு சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தின்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி வருமே, அது அந்த வாரத்துல மட்டும் எனக்கு ஆறு தடவை வந்தது. இதெல்லாம் தாங்கிக்கலாம். ஒருநாள் ராத்திரி பெரியம்மா என்னைக் கேட்டாங்க: "ஏப்பா, நீதான் நாலு எழுத்து படிச்சிருக்க. அன்னைக்கு நான் அந்த ஊசியைப் போடாம இருந்திருந்தா இது வந்திருக்காதுல்ல?"

இதுக்கு "அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா"ன்னு சொல்லிரலாம். அது பொய். வந்திருக்காது, பெரும்பாலும். அப்ப உண்மையைச் சொல்லணும்னா கணக்கைச் சொல்லணும்.

அமெரிக்காவுல எட்டு பெரிய புற்றுநோய் மையங்கள்ல மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த 20,063 பெண்களைப் பின்தொடர்ந்து 2015-ல ஒரு ஆய்வு வந்தது. இந்த மாதிரி மஜ்ஜை நோய் வந்தவங்க 51 பேரு. பத்து வருஷக் கணக்குல பார்த்தா 1000 பேருக்கு ஏறக்குறைய 5 பேர். கீமோ எடுத்தவங்களுக்கு மட்டும்னா இன்னும் கொஞ்சம் கூடும். இது ஒரு தட்டு. இன்னொரு தட்டுல, பெரியம்மா எடுத்துக்கிட்ட மாதிரியான கீமோ, மார்பகப் புற்றுநோயால வர்ற சாவை ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு குறைக்குதுன்னு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. பெரியம்மாவுக்கு நான் நோட்டுல போட்டுக் காட்டுனது இதுதான்: பேச்சுக்கு, கீமோ இல்லாட்டி 1000 பேர்ல 300 பேர் போயிருவாங்கன்னு வைங்க. கீமோ குடுத்தா அது 200 ஆகுது. 100 பேர் பொழைக்கிறாங்க. அந்த 1000 பேர்ல ஒரு அஞ்சாறு பேருக்கு இந்த நோய் வருது. நீங்க அந்த நூறுலயும் இருக்கலாம், இந்த அஞ்சுலயும் இருக்கீங்க. கரண்டுக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. மார்பை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்தவங்களுக்கு, பத்து வருஷத்துல நோய் திரும்ப வர்றதை அது 35 சதவீதத்துலிருந்து 19 சதவீதமாக் குறைக்குது.

நோட்டை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம், "அப்ப எட்டு வருஷம் குடுத்துட்டுத்தான் எடுத்திருக்கு"ன்னாங்க. அந்த எட்டு வருஷத்துல பையன் கல்யாணம், பேத்தி பொறந்தது, பெரியப்பாவோட கடைசி நாலு வருஷம் கூட இருந்து பார்த்துக்கிட்டது, எல்லாம் இருக்கு. கணக்கு அவங்க வலியைக் குறைச்சுச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா "நான் அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேனோ"ங்கிற பேச்சு அதுக்கப்புறம் அவங்க வாயில வரல. தீர்ப்பு சொல்ல வந்தவங்ககிட்ட அவங்களே அந்த நோட்டை எடுத்துக் காட்ட ஆரம்பிச்சாங்க.

இந்த மாதிரி நோயில முன்மாதிரின்னு தேடுனா நம்ம பக்கத்துல பேசுன ஆட்களே கம்மி. மார்பகப் புற்றுநோயைப் பத்தியாவது நம்ம நடிகை கௌதமி மாதிரி வெளிப்படையாப் பேசுனவங்க இருக்காங்க. ரெண்டாவதா வந்த அபூர்வ நோயைப் பத்தி யாரும் இல்லை. அதனால நான் ரெண்டு அமெரிக்கப் பெண்களைப் பத்திப் படிச்சேன்.

ஒருத்தர் ராபின் ராபர்ட்ஸ். காலையில வர்ற டிவி நிகழ்ச்சி நடத்துறவங்க. 2007-ல மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பிட்டாங்க. 2012-ல அதே எம்டிஎஸ். அவங்க நிகழ்ச்சி 16 வருஷத்துக்கு அப்புறம் போட்டி நிகழ்ச்சியை முந்துனதைக் கொண்டாடுன அதே நாள்லதான் உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சது. மஜ்ஜை எடுத்துக்கிட்டு இருக்கும்போதுதான், மறுநாள் அதிபர் ஒபாமாவைப் பேட்டி எடுக்கணும்னு செய்தி வருது. போய் எடுத்தாங்க. ஜூன் மாசம் நிகழ்ச்சியிலேயே, சில சமயம் புற்றுநோய்ச் சிகிச்சையே இன்னொரு பெரிய நோயைக் கொண்டுவரும், எனக்கு அதுதான் நடந்திருக்குன்னு நேரடியாச் சொன்னாங்க. அக்கா சாலி ஆனோட மஜ்ஜை பொருந்துச்சு. செப்டம்பர்ல மாற்று சிகிச்சை. அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் அவங்க அம்மா இறந்தாங்க. 2013 பிப்ரவரியில திரும்ப கேமரா முன்னாடி உட்கார்ந்தாங்க. அன்னைக்கு வயசு 52.

இன்னொருத்தர் எழுத்தாளர் சூசன் சொண்டாக். 1975-ல, 42 வயசுல, முத்திப்போன மார்பகப் புற்றுநோய். பொழைக்க மாட்டாங்கன்னு நினைச்ச நோயைத் தாண்டி வந்து, 1978-ல நோயைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. நோய் வெறும் நோய்தான், அதை நோயாளியோட குணத்துக்கும் பாவத்துக்கும் அடையாளமா ஆக்காதீங்கங்கிறது அந்தப் புத்தகத்தோட சாரம். நம்ம ஊர்ல "என்ன பாவம் பண்ணுனாளோ"ங்கிற பேச்சைக் கேட்டவங்களுக்கு அதை விளக்கவே வேணாம். 1998-ல கர்ப்பப்பையில சார்கோமாங்கிற அபூர்வ வகை. அதையும் தாண்டினாங்க. 2004-ல எம்டிஎஸ். 71 வயசுல சியாட்டிலுக்குப் போய் மஜ்ஜை மாற்று சிகிச்சை எடுத்தாங்க. பலிக்கல. அந்த வருஷம் டிசம்பர் 28-ல இறந்தாங்க. அவங்க மகன் டேவிட் ரீஃப் பின்னாடி ஒரு புத்தகம் எழுதினாரு. அம்மா சாவைப் பத்திப் பேசவே விரும்பல, பொழைச்சிருவோம்ங்கிற நம்பிக்கையை மட்டும்தான் கேட்டாங்க, நானும் அதையே குடுத்தேன், அது சரியாங்கிற கேள்வி என்னை விடலைங்கிற மாதிரியான புத்தகம்.

எனக்கு ராபினோட கதையைவிட டேவிட் ரீஃபோட கதைதான் ரொம்ப நாள் மண்டையில ஓடுச்சு. ஏன்னா எங்க வீட்டுலயும் அதே சிக்கல். 2015-ல பெரியம்மாகிட்ட "கட்டி"ன்னு மட்டும்தான் சொல்லியிருந்தோம். கேன்சர்ங்கிற வார்த்தையை வீட்டுல யாரும் உச்சரிக்கல. அவங்களுக்குத் தெரியும், தெரியும்னு எங்களுக்கும் தெரியும், ஆனா எல்லாரும் நடிச்சோம். இந்தத் தடவையும் அண்ணன் (பெரியம்மா பையன்) டாக்டர் ரூமுக்கு வெளியில நின்னு, "அம்மாகிட்ட ரத்தக்குறைவுன்னு மட்டும் சொல்லுங்க சார்"னு கேட்டான். உள்ள இருந்து பெரியம்மா, "என் உடம்பு, என்கிட்ட சொல்லுங்க"ன்னு சத்தம் போட்டாங்க. அவ்வளவுதான், நடிப்பு முடிஞ்சது. அது எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல மாட்டேன். சொண்டாக் மாதிரி தெரிஞ்சுக்க விரும்பாதவங்களும் இருக்காங்க, அதுவும் அவங்க உரிமை. யார் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நோயாளி முடிவு பண்ணணும், வெளியில நிக்கிற நாலு ஆம்பளைங்க இல்லை. இது என் கருத்து.

அடுத்து மஜ்ஜை மாற்று. இந்த நோயை வேரோட எடுக்குற வாய்ப்பு உள்ள சிகிச்சை அது ஒண்ணுதான். இந்தியாவுல முதல்ல 1983-ல மும்பை டாடா மெமோரியல்ல நடந்தது, வேலூர் சிஎம்சியில 1986-லிருந்து பண்றாங்க. நாங்களும் வேலூருக்குப் போனோம். மஜ்ஜை பொருந்தணும். கூடப் பிறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் முழுசாப் பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. எங்க அம்மா, ரெண்டு மாமா, மூணு பேருக்கும் டெஸ்ட். மூணு பேருமே பொருந்தாம இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு ரயில்ல உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: முக்காலை மூணு தடவை பெருக்குனா 42 சதவீதம். அந்த 42-லதான் நாங்க விழுந்தோம். வெளியில தேடுறதுக்குக் கொடையாளர் பதிவேடுகள் இருக்கு. சென்னையில 2009-ல ஆரம்பிச்ச தாத்ரி அதுல ஒண்ணு. நம்ம மக்கள்தொகைக்குப் பதிவு பண்ணுனவங்க ரொம்பக் கம்மி, உலகப் பதிவேடுகள்லயும் தெற்காசியர்கள் கம்மி, அதனால நமக்குப் பொருத்தம் கிடைக்கிறது கஷ்டம். பதிவு பண்றதுக்கு ரத்தம்கூட வேணாம், கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சால தேய்ச்சுக் குடுத்தாப் போதும். இதைக் கேட்டுக்கிட்டு இருக்குற இருபது முப்பது வயசு ஆட்கள் எல்லாரும் பண்ணலாம். நான் பண்ணிட்டேன்.

முழுப் பொருத்தம் இல்லாட்டியும் பாதிப் பொருத்தத்துல பண்ற முறை இப்ப இருக்கு. பிள்ளைங்க எப்பவும் பாதி பொருந்துவாங்க. அண்ணன் தயார். ஆனா சிகிச்சையால வர்ற எம்டிஎஸ் சாதாரணமா வர்றதைவிட முரண்டு பிடிக்கும், அதுலயும் ஏழாவது குரோமோசோம் போன வகை நல்ல வகை இல்லை. வயசு 62. டாக்டர் எதையும் மறைக்கல. பெரியம்மா நேராக் கேட்டாங்க, "இதைப் பண்ணி வீட்டுக்கு வராதவங்களும் இருக்காங்கள்ல?" இருக்காங்கன்னாரு. ரெண்டு வாரம் டைம் கேட்டாங்க. அப்புறம் வேணாம்னுட்டாங்க.

வீட்டுல பெரிய சண்டை. அண்ணன் ஒரு மாசம் அவங்ககூடச் சரியாப் பேசல. எனக்கும் அந்த முடிவுல முழு உடன்பாடு இல்லை, இன்னைக்கும் இல்லை. இருக்குற ஒரே கதவை ஏன் சாத்தணும்னுதான் என் மனசு சொல்லுது. அவங்க சொன்ன காரணம் வேற: "ஆறு மாசம் கண்ணாடி ரூமுக்குள்ள கிடந்து செத்தா, அந்த ஆறு மாசமும் எனக்கு நஷ்டம்தானே."

இப்ப அசாசைட்டிடின்னு ஒரு ஊசி. தோலுக்கடியில, வயித்துலயோ தொடையிலயோ போடுவாங்க. ஏழு நாள் ஊசி, மொத்தம் 28 நாள் சுழற்சி. மதுரையிலேயே போட்டுக்கலாம். நாலுலிருந்து ஆறு சுழற்சி முடிஞ்சாத்தான் வேலை செய்யுதான்னே தெரியும். வேலை செஞ்சா, செய்யுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். முதல் தடவைக்கும் இந்தத் தடவைக்கும் பெரிய வித்தியாசம் அங்கதான். 2015-ல எட்டு ஊசி, 25 கரண்ட், காலண்டர்ல கட்டம் போட்டு அடிச்சுக்கிட்டே வந்தோம். முடிவு தேதி இருந்தது. இதுக்கு முடிவு தேதி கிடையாது. பெரியம்மா காலண்டர்ல அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொரு மாசமும் ஊசி இல்லாத அந்த மூணு வாரத்துக்கு வேலை வச்சிருப்பாங்க. ஊறுகாய் போடுறது, பேத்திக்குக் கோலம் சொல்லிக் குடுக்குறது, இப்படி. வெள்ளை அணு இறங்குற நாள்ல கூட்டத்துக்குப் போகக் கூடாது. இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்குறப்ப சிம்மக்கல்லே ஜனக்கடலா கிடந்துச்சு, அவங்க மாஸ்க் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில நின்னாங்க. அங்கிருந்து அழகர் தெரிய மாட்டாரு. சத்தம் கேட்கும்.

பணம் பத்தி மெயில்ல கேட்பீங்கன்னு தெரியும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. எங்களுக்கு அது பொருந்தல, அண்ணன் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல ஓடுது. அதுல ஒரு கொடுமை: ஏழு நாள் ஊசிக்கு ஒவ்வொரு நாளும் தனித்தனியா அனுமதி வாங்கணும்னு ஒரு தடவை நிக்க வச்சாங்க. அதைத் தனி எபிசோடாவே பேசலாம்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிச்சவங்க வீட்டுல இருந்தா, பயமுறுத்துறதுக்காகச் சொல்லல, ரொம்ப ரொம்பப் பேருக்கு இதெல்லாம் வராது. ஆனா பழைய ஃபைலைப் பழைய பேப்பர்க்காரர்கிட்ட போட்டுறாதீங்க. மருந்துப் பேரு, மொத்த டோஸ், ரேடியேஷன் எந்தப் பக்கம் எவ்வளவு, பயாப்ஸி ரிப்போர்ட், இதெல்லாம் இருக்கணும். போன்ல போட்டோ எடுத்தும் வச்சுக்குங்க. சிவப்பு மருந்துக்கு இதயத்தைக் காப்பாத்த வாழ்நாள் அளவுன்னு ஒண்ணு இருக்கு, எவ்வளவு வாங்கியிருக்கோம்னு தெரியாம திரும்பக் குடுக்க முடியாது. ரேடியேஷனும் ஒரே இடத்துல திரும்பக் குடுக்குறது லேசு இல்லை. ரத்தப் பரிசோதனையில ஒண்ணுக்கு மேல எண்ணிக்கை குறைஞ்சிருந்தா இரும்பு மாத்திரையோட விட்டுறாதீங்க, பழைய சிகிச்சையை டாக்டர்கிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. அவங்க கேட்பாங்கன்னு காத்திருக்க வேணாம். டாமாக்ஸிஃபென் சாப்பிட்டவங்களுக்கு மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ரத்தம் பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும் காட்டணும். கர்ப்பப்பை உள்சுவர்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பை அந்த மாத்திரை கூட்டும். கரண்ட் வச்ச இடத்துத் தோல்ல சில வருஷம் கழிச்சு அடிபட்ட மாதிரி நீலமோ சிவப்போ படர்ந்து, ரெண்டு வாரமாகியும் போகலைன்னா அதையும் காட்டணும். ஆஞ்சியோசார்கோமான்னு மிக அபூர்வமான ஒரு வகை அப்படித்தான் தலைகாட்டும். அப்புறம், இந்த மாதிரி ஊசியில இருக்குறவங்களுக்குக் காய்ச்சல் 100.4 தாண்டுனா பாராசிட்டமால் குடுத்துக் காலையில பார்ப்போம்னு இருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இதைப் பதிவு பண்றப்ப பெரியம்மாவுக்குப் பதினோரு சுழற்சி முடிஞ்சிருக்கு. ரத்தம் ஏத்துறது மாசம் ரெண்டு தடவையிலிருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாக் குறைஞ்சிருக்கு. ரத்தம் குடுத்த ஆபீஸ் நண்பர்கள் நாலு பேருக்கும் அவங்க கையால போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்திருக்கும். பன்னிரண்டாவது சுழற்சி திங்கக்கிழமை தொடங்குது. அண்ணன் ஊர்ல இல்லாததால இந்தத் தடவை ஏழு நாளும் நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். அதனால அடுத்த எபிசோட் ஒரு வாரம் தள்ளி வரும்.